எந்த மரணத்தைத் தள்ளிப்போடுகிறோம்?

அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார்கள் என்று மருத்துவர்களே கைவிரித்த முதியவர்களைக் கொண்டு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒன்று இரத்தநாள அறுவை நிபுணர்களின் வட்டத்தைச் சேர்ந்தது, மற்றது இதய நிபுணர்களுடையது. அதனாலோ என்னவோ, இரண்டையும் அருகருகே வைத்து யாரும் அதிகம் பேசுவதில்லை. முதலாவது, பிரிட்டனில் நடந்து 2005இல் வெளியான ஈவார்-2. வயிற்றுப் பகுதியில் பெருந்தமனி 5.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் புடைத்துவிட்ட 338 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்குத் தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் குழாய் ஒன்றைப் பொருத்துவது, மறுபாதியினரை மருந்துகளோடு விட்டுவிடுவது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு பாதிகளிலும் இறந்தோர் விகிதத்தில் வேறுபாடு இல்லை. இரண்டாவது, பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் பி பிரிவு. இதயத்திலிருந்து பெருந்தமனிக்குள் இரத்தம் நுழையும் இடத்திலுள்ள வால்வு கடுமையாகச் சுருங்கிப்போன 358 பேர்; சராசரி வயது 83. அவர்களையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அதே தொடைத் தமனி வழியாகப் புதிய வால்வு பொருத்தினார்கள். ஓராண்டில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50.7 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்; வால்வு பெற்றவர்களில் 30.7 சதவீதம் பேர். அதாவது, ஐந்து பேருக்கு வால்வு பொருத்தினால் அந்த ஓராண்டில் ஓர் உயிர் மிஞ்சுகிறது. இதய மருத்துவத்தில் இப்படி ஒரு பலன் எளிதில் கிடைப்பதில்லை.

நோயாளிகள் ஒரே மாதிரியானவர்கள். கருவி நுழையும் பாதை ஒன்று. எண்ணிக்கைகூட ஏறக்குறைய ஒன்றுதான். முடிவுகள் மட்டும் எதிரெதிர்த் திசையில் போயின. முதியோருக்கான இதய, இரத்தநாள சிகிச்சை பற்றிய விவாதத்தை இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். வழக்கமாக அது வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. ‘இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா?’ என்பது ஒன்று; ‘நெஞ்சைத் திறக்காமலே செய்துவிடலாமே, பிறகென்ன தயக்கம்?’ என்பது மற்றது. முதல் கேள்வி வயதைப் பார்க்கிறது, இரண்டாவது கீறலின் அளவைப் பார்க்கிறது. நோயாளியை அடுத்துக் கொல்லப்போவது எது என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. எந்த நோய்க்குச் சிகிச்சை செய்கிறோமோ அதுவே அவருடைய மரணத்துக்கு முதல் காரணமாக வரிசையில் நின்றால், 90 வயதிலும் சிகிச்சைக்கு அர்த்தம் உண்டு. அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நின்றால், எவ்வளவு நுட்பமான கருவியானாலும் அவருக்குக் கிடைப்பது மருத்துவமனை நாட்களும் ஒரு ரசீதும்தான்.

வால்வுச் சுருக்கத்தின் போக்கைப் பார்த்தால் இது விளங்கும். நல்ல நிலையில் மூன்று, நான்கு சதுர செ.மீ. அளவுக்குத் திறக்கும் இந்த வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகி ஒரு சதுர செ.மீ. அல்லது அதற்கும் கீழே வந்தால் கடுமையான சுருக்கம் என்கிறார்கள். இதயம் பல ஆண்டுகள் சுவர் தடித்து, கூடுதல் அழுத்தத்தோடு இரத்தத்தைத் தள்ளிச் சமாளிக்கும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், சிலர் திடீரென மயங்கி விழுவார்கள். ஜான் ராஸ், யூஜீன் பிரான்வால்ட் இருவரும் 1968இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுவது இதற்காகத்தான்: அறிகுறி தோன்றும்வரை ஆயுள் ரேகை சமதளமாக ஓடுகிறது, தோன்றிய பிறகு மலைச்சரிவாக இறங்குகிறது. நெஞ்சுவலி வந்தவருக்குச் சுமார் 5 ஆண்டுகள், மயக்கம் வந்தவருக்கு 3, இதயம் செயலிழக்கத் தொடங்கியவருக்கு 2. மருந்தால் இதைத் தடுக்க முடியவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் வால்வில் சுண்ணாம்பு படிவதையும் தடுக்கும் என்று பெரிதாக நம்பினார்கள். 1,873 பேரைக் கொண்டு நடந்து 2008இல் வெளியான சீஸ் ஆய்வு அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. ஆக, அறிகுறிகளோடு வரும் கடுமையான வால்வுச் சுருக்கம் வரிசையில் மற்ற நோய்களையெல்லாம் முந்திக்கொண்டு முதலிடத்தில் நிற்கிறது. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் அவரைக் கொல்லக்கூடும்தான். ஆனால் இது முந்திவிடும்.

பெருந்தமனிப் புடைப்பு வேறு வகை. வயிற்றில் சுமார் 2 செ.மீ. விட்டமுள்ள பெருந்தமனி 3 செ.மீ. ஆனால் புடைப்பு என்று பெயர். அது பெரும்பாலும் வலிப்பதில்லை, மூச்சு வாங்க வைப்பதில்லை, தூக்கத்தைக் கெடுப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். வெடித்தால் மட்டும் கதை அநேகமாக முடிந்துவிடும். பலர் மருத்துவமனை வாசலைக்கூட மிதிப்பதில்லை. அதனால் இங்கே சிகிச்சை என்பது ஒரு நிகழ்தகவுக்கு எதிரான காப்பு. அறுவைக்குத் தகுதியில்லாதவர்களாகவோ அதை மறுத்தவர்களாகவோ இருந்த 198 அமெரிக்க முன்னாள் படைவீரர்களைத் தொடர்ந்து கவனித்து ஃபிராங்க் லெடர்லியின் குழு 2002இல் வெளியிட்ட கணக்கின்படி, 5.5 முதல் 5.9 செ.மீ. வரையிலான புடைப்பு ஓராண்டுக்குள் வெடிக்கும் வாய்ப்பு 9.4 சதவீதம், 7 செ.மீ. தொட்டுவிட்டால் 32.5 சதவீதம். பின்னர் தொகுக்கப்பட்ட கணக்குகள் இதைவிடக் குறைவாகவே காட்டுகின்றன. நூற்றுக்கு ஒன்பது என்பது பயமுறுத்தும் எண்தான். ஆனால் நுரையீரல் தேய்ந்து, இதயம் தளர்ந்து, சிறுநீரகம் பாதி வேலை செய்யும் 80 வயதுக்காரருக்கு அதே ஓராண்டில் மற்ற காரணங்களால் மரணம் நேரும் வாய்ப்பு அதைவிடப் பெரியது. ஈவார்-2இல் நடந்தது இதுதான். ஸ்டென்ட் குழாய் பொருத்தியவர்களில் 9 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள். தப்பியவர்களை மாரடைப்பும் நிமோனியாவும் புற்றுநோயும் தத்தம் முறைப்படி எடுத்துக்கொண்டன. 404 பேராக விரிவாக்கப்பட்டு 2010இல் வெளியான நீண்டகால முடிவு இன்னும் தெளிவாகப் பேசியது: புடைப்பால் நேரும் மரணங்கள் குறைந்தன; மொத்த மரணங்கள் குறையவில்லை. சிகிச்சை தன் வேலையைச் சரியாகச் செய்தது, நோயாளிக்குத்தான் பயனில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. ஈவார்-2இல் குழாய் பொருத்தக் காத்திருந்த காலத்திலேயே சிலருக்குப் புடைப்பு வெடித்துவிட்டது. அவர்களும் சிகிச்சைக் கணக்கிலேயே சேர்ந்தார்கள். சிகிச்சை வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பிரிவில் 47 பேர் பிற்பாடு எப்படியோ சிகிச்சை பெற்றுவிட்டார்கள். கருவிகளும் பழைய தலைமுறை. இன்றைய குழாய்கள் மெலிந்தவை, தோலில் சிறு துளையிட்டே செலுத்தத்தக்கவை, மயக்க மருந்துகூடப் பல நேரம் தேவையில்லை. இன்று அந்த 9 சதவீதம் நிச்சயம் வெகுவாகக் குறையும் என்பதை ஏற்கலாம். ஆனால் தொடக்கத்து இழப்பைத்தான் புதிய கருவி குறைக்கும். நோயாளியின் நுரையீரலை அது புதுப்பிக்காது. பலன் கிடைக்க அவர் உயிரோடிருக்க வேண்டிய ஆண்டுகளை அது தருவதுமில்லை. இந்த ஆய்வின் பாடம் கருவியைப் பற்றியதாக இருந்திருந்தால் காலாவதியாகியிருக்கும். வரிசையைப் பற்றியது என்பதால் இன்னும் நிற்கிறது. வெடித்துவிட்ட புடைப்பில் கணக்கு தலைகீழாவதையும் இங்கே பார்க்க வேண்டும். அப்போது புடைப்பு வரிசையின் கடைசியிலிருந்து முதலிடத்துக்கு ஒரே தாவில் வந்துவிடுகிறது. 613 பேரைக் கொண்ட பிரிட்டனின் இம்ப்ரூவ் ஆய்வில் முதல் 30 நாட்களில் திறந்த அறுவைக்கும் குழாய் முறைக்கும் பெரிய வேறுபாடில்லை; மூன்றாண்டு கணக்கில் குழாய் முறை முந்தியது. திட்டமிட்ட சிகிச்சையில் குழாய் முறையைச் சந்தேகத்தோடு பார்க்கும், பிரிட்டனின் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பே, வெடித்த நிலையில் 70 கடந்த ஆண்களுக்கும் எல்லா வயதுப் பெண்களுக்கும் அதைப் பரிந்துரைப்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

அறுவையைத் தாங்கக்கூடிய உடல்நிலையில் உள்ள முதியவருக்கும் குழாய் முறை அவ்வளவு எளிய தேர்வல்ல. 1990 செப்டம்பரில் ப்யூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி முதன்முதலில் வயிற்றுப் பெருந்தமனியில் இதைச் செய்து காட்டியபோதும், 2004இல் ஈவார்-1 ஆய்வு முதல் மாத மரணத்தை 4.7 சதவீதத்திலிருந்து 1.7 ஆகக் குறைத்தது என்று அறிவித்தபோதும், திறந்த அறுவைக்கு நாள் குறித்துவிட்டதாகத்தான் பலர் நினைத்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்த முன்னிலை கரைந்தது. 2016இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கில், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு குழாய் பொருத்தியவர்களிடையே புடைப்பு சார்ந்த மரணம் திறந்த அறுவை செய்துகொண்டவர்களைவிடப் பல மடங்காக இருந்தது. குழாயின் விளிம்பில் கசிவு, குழாய் நழுவுதல், புடைப்பு மீண்டும் வீங்கி வெடித்தல் என்று காரணங்கள். ஆண்டுதோறும் ஸ்கேன், தேவைப்பட்டால் மறு சிகிச்சை என்ற ஆயுள் சந்தாவோடுதான் இது வருகிறது. 2018இல் நைஸ் வெளியிட்ட வரைவு, வெடிக்காத புடைப்புக்குக் குழாய் முறையை ஏறக்குறைய நிறுத்தச் சொன்னது. நிபுணர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2020 மார்ச்சில் வந்த இறுதி வடிவம் சற்று இளகியது. என் கணக்கில், குழாய் முறைக்கு உரியவர்கள் ஒரு நடுத்தரக் கூட்டம்: பத்தாம் ஆண்டில் வரும் பழுதைப் பார்க்க நேராத அளவுக்கு மூத்தவர்கள், ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளாவது வாழும் அளவுக்குத் தெம்புள்ளவர்கள். இந்தக் கூட்டம் சிறியதல்ல. ஆனால் ‘வயதானவர், அதனால் குழாய் முறை’ என்று சொல்பவர்கள் கற்பனை செய்வதைவிடச் சிறியது.

வால்வில் முதுமைக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. உலோக, கார்பன் வால்வுகள் தேய்வதில்லை. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் போன்ற மாத்திரை வேண்டும், அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். கீழே விழும் வயதில் அது தனி ஆபத்து. மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படும் திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் நாளடைவில் கெடும். இளைஞரின் உடலில் வேகமாகவும் முதியவரின் உடலில் மெதுவாகவும் கெடும் என்பதுதான் வசதி. 80 வயதில் வைத்த திசு வால்வு பெரும்பாலும் அவரைவிட நீடித்து உழைக்கும். பிரான்ஸில் ரூவாங் நகர மருத்துவமனையில் 2002 ஏப்ரல் 16 அன்று அலைன் க்ரிபியே கதீட்டர் என்னும் மெல்லிய செலுத்துகுழல் வழியாக முதன்முதலில் மனிதருக்குப் பெருந்தமனி வால்வைப் பொருத்தியது, சாகும் தறுவாயிலிருந்த 57 வயதுக்காரருக்கு. ஆனால் அந்த முறை வேரூன்றியது 80களில் இருந்தவர்களிடம். அங்கிருந்து அது வயதில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. 2019இல் வெளியான பார்ட்னர் 3 ஆய்வில் சராசரி வயது 73. மரணம், பக்கவாதம், மீண்டும் மருத்துவமனைச் சேர்க்கை மூன்றையும் சேர்த்த கணக்கு ஓராண்டில் அறுவையில் 15.1, கதீட்டரில் 8.5 சதவீதம். ஐந்தாண்டில் இடைவெளி சுருங்கி 27.2, 22.8 என்றாகிவிட்டது, மரணத்தை மட்டும் எடுத்தால் கதீட்டர் பக்கம் சற்று அதிகமாகவே இருந்தது. 70 கடந்த 280 பேரைக் கொண்ட டேனிஷ், ஸ்வீடிஷ் நோஷன் ஆய்வு பத்தாண்டு வரை இரு முறைகளும் சமம் என்று காட்டியது ஆறுதல். ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் 2021இல் 75 என்றும் 2025இல் 70 என்றும் கோடு கிழித்தன. அமெரிக்கர்கள் 65க்குக் கீழே அறுவை, 80க்கு மேலே கதீட்டர், நடுவில் பேசி முடிவு செய்க என்றார்கள். இந்தக் கோடுகள் முதியவருக்குச் சிகிச்சையை மறுப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல. எவ்வகை வால்வு எவ்வளவு காலம் உழைக்கும் என்பதிலிருந்து பிறந்தவை.

இந்தியச் சூழலில் இதைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நம் நாட்டு வால்வு நோயில் பெரும்பங்கு இன்னும் ருமாட்டிக் காய்ச்சலின் எச்சம். நோயாளிகள் இளையவர்கள், பெண்கள், பெரும்பாலும் மைட்ரல் வால்வு. எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் உருவாகி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, டி.டி.கே. நிறுவனம் தயாரித்துவரும் சித்ரா வால்வு அவர்களுக்காகவே வந்தது: விலை மலிவு, நீடித்த உழைப்பு, கூடவே மாத்திரை. 73 வயதினரையும் 83 வயதினரையும் கொண்டு கிடைத்த முடிவுகளை 50 வயதுக்காரரிடம் ‘நெஞ்சைத் திறக்க வேண்டாம்’ என்ற ஒரே கவர்ச்சியோடு விற்பது அறிவியலல்ல, வணிகம். குஜராத்தின் வாப்பியில் தயாராகும் மைவால் என்ற கதீட்டர் வால்வு, 768 பேரைக் கொண்ட லேண்ட்மார்க் ஆய்வில் வெளிநாட்டு வால்வுகளுக்குச் சளைத்ததல்ல என்று 2024இல் நிரூபித்தது பெருமைக்குரியது. அதனால் விலை இறங்கினால் நல்லது. இறங்கும்வரை, பல இலட்சம் ரூபாய் செலவாகும் ஒரு சிகிச்சை யாருக்கு உண்மையில் பயன் தரும் என்று பிரித்தறிவது ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காப்பாற்றும் வேலையும்கூட.

இதுவரை வால்வின் பக்கம் நான் தாராளமாக இருந்துவிட்டதாகத் தோன்றலாம். பார்ட்னர் பி பிரிவையே எதிர்ச்சாட்சியாக நிறுத்துபவர்கள் உண்டு. வால்வு பெற்றவர்களில் 43.3 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளில் இறந்தார்கள், ஐந்து ஆண்டுகளில் 71.8 சதவீதம் பேர். பக்கவாதமும் வால்வு பெற்றவர்களிடம்தான் அதிகம். அப்படியானால் பெரும்பாலோருக்கு இது வீண்தானே? வீண் இல்லை. ஒப்பிட வேண்டிய மறுபாதியில் ஐந்து ஆண்டுகளில் இறந்தோர் 93.6 சதவீதம், தவிர, மூச்சுத் திணறாமல் படுத்துத் தூங்கக் கிடைக்கும் இரண்டு ஆண்டுகளை ஆயுள் அட்டவணையில் அளக்க முடியாது. ஆனாலும் இந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. முதியவரின் மூச்சுத்திணறல் முழுவதும் வால்விலிருந்தே வருவதில்லை. நுரையீரலிலிருந்தும், இரத்தசோகையிலிருந்தும், தசை வற்றிப்போனதிலிருந்தும் வரலாம். அப்போது வால்வைத் திறந்தாலும் அவர் நாற்காலியிலிருந்து எழப்போவதில்லை. இதைக் கண்டுபிடிக்க வயது உதவாது, தளர்ச்சியை அளந்தால் உதவும். மாண்ட்ரியாலின் ஜொனாதன் அஃபிலாலோ குழு 70 கடந்த 1,020 பேரிடம் பல அளவுகோல்களைச் சோதித்து 2017இல் கண்டது வியப்பாக எளியது: கைப்பிடியைப் பிடிக்காமல் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார எவ்வளவு நேரமாகிறது, நினைவாற்றல் எப்படி, ஹீமோகுளோபின் எவ்வளவு, அல்புமின் எவ்வளவு. இந்த நான்கும் சேர்ந்து ஓராண்டு மரணத்தை மற்ற அளவுகோல்களைவிட நன்றாகக் கணித்தன. எந்த ஊர் மருத்துவமனையிலும் பத்து நிமிடத்தில் முடிகிற பரிசோதனை. இலட்சக்கணக்கில் செலவாகும் வால்வுக்கு முன் இதைச் செய்யாமலிருக்க ஒரு நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

காத்திருப்பதைப் பற்றியும் இரு நோய்களும் வெவ்வேறு பதில் தருகின்றன. 4 முதல் 5.4 செ.மீ. வரையிலான புடைப்புக்கு உடனே அறுவை செய்வதா, அளந்துகொண்டே காத்திருப்பதா என்று 1,136 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆடம் ஆய்வு 2002இல் வந்தது. காத்திருந்தவர்களில் 61.6 சதவீதம் பேருக்குக் கடைசியில் அறுவை நடந்தது. ஆனாலும் உடனே செய்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. 1,090 பேரைக் கொண்டு 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வும் அதையே சொன்னது. அறிகுறியே இல்லாத கடுமையான வால்வுச் சுருக்கத்தில் 2024இல் வெளியான எர்லி டாவி ஆய்வு 901 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டது. காத்திருந்தவர்களில் 87 சதவீதம் பேர் சில ஆண்டுகளுக்குள் வால்வு வாங்கிக்கொண்டார்கள். மரணத்தில் வேறுபாடில்லை, 8.4க்கு 9.2 சதவீதம். ‘உடனடி சிகிச்சை வென்றது’ என்று தலைப்புகள் வந்ததற்குக் காரணம், எதிர்பாராத மருத்துவமனைச் சேர்க்கையையும் கணக்கில் சேர்த்தது. அந்தச் சேர்க்கைகளில் பல, அறிகுறி தொடங்கி வால்வு பொருத்த வந்தவைதான். எனக்கு இது வெற்றியாகத் தெரியவில்லை, காத்திருப்பு நீளாது என்ற தகவலாகத்தான் தெரிகிறது. தகவலும் பயனுள்ளதே: இரண்டு மணி நேரப் பயணத்தில் எக்கோ (இதய ஸ்கேன்) வசதி இல்லாத ஊரில் இருப்பவருக்குக் காத்திருப்பு ஆபத்தானது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருபவருக்கு அவசரமில்லை. புடைப்பில் காத்திருக்கும் காலத்தில் செய்யத்தக்கது புகையை நிறுத்துவதும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும்தான். டாக்ஸிசைக்ளின் புடைப்பின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை என்று 2020இல் தெரிந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளைப் புடைப்புள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. நம் ஊரில் மருந்துக் கடையில் கேட்டாலே கிடைக்கும் மாத்திரை அது.

பிரிட்டன் 65 வயதான ஆண்களையெல்லாம் ஒருமுறை அழைத்து வயிற்றை ஸ்கேன் செய்கிறது. 67,800 பேரைக் கொண்ட மாஸ் ஆய்வு, அழைக்கப்பட்டவர்களிடையே புடைப்பு மரணம் 42 சதவீதம் குறைந்ததாக 2002இல் காட்டியதன் விளைவு. அந்த ஆய்வில் 4.9 சதவீதம் பேருக்கு இருந்த புடைப்பு இப்போது சுமார் ஒரு சதவீதமாகிவிட்டது. சிகரெட் குறைந்ததுதான் முக்கியக் காரணம். 65 என்ற வயதின் தேர்வில்கூட நான் சொல்லும் வரிசைக் கணக்கு ஒளிந்திருக்கிறது. பலனைக் காணும்வரை வாழக்கூடியவர்களைத்தான் தேடுகிறார்கள்.

இவ்வளவு கணக்கும் நோயாளியின் விருப்பத்துக்கு முன்னால் எங்கே நிற்கிறது? ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பை 1948இல் ருடால்ஃப் நிஸ்ஸன் செலோஃபேன் தாளால் சுற்றிக் கட்டினார். 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது, அறுவை சாத்தியமாகியிருந்த காலத்தில், 76 வயதில் அவர் வேண்டாமென்று மறுத்து இறந்தார். செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை. மறுபக்கம் மைக்கேல் டிபேக்கி. பெருந்தமனி அறுவையை உருவாக்கியவர்களில் ஒருவர். 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருடைய பெருந்தமனியின் உட்சுவரே கிழிந்தது. முதலில் அறுவையை மறுத்தார். பிறகு நினைவு தப்பியது, மயக்க மருந்து நிபுணர்கள் தயங்கினார்கள், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடியது, மனைவி வற்புறுத்தினார். 2006 பிப்ரவரியில் அவர் வகுத்த முறையிலேயே அவருக்கு அறுவை நடந்தது. பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து மீண்டு, மீண்டும் வேலைக்குப் போய், 2008 ஜூலையில் 99 வயதில் இறந்தார். தன்னைப் பிழைக்க வைத்தது சரியே என்று பிற்பாடு சொன்னார். வயது ஒரு தடையல்ல என்பதற்கு இதை எடுத்துக்காட்டுகிறார்கள். இதயத்திலிருந்து மேலேறும் பெருந்தமனி கிழிந்தவருக்கு அடுத்துக் கொல்லப்போவது எது என்பதில் சந்தேகமே இல்லை என்பதற்கும் இது எடுத்துக்காட்டு. ஆனால் மறுத்தவரின் சொல்லை மீறியதை, அவர் பிழைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக நான் ஏற்கமாட்டேன். அவர் இறந்திருந்தால் அதே முடிவை என்ன பெயரிட்டு அழைத்திருப்போம்? நம் வீடுகளில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் நிகழ்கிறது. மருத்துவர் மகனிடம் பேசுகிறார், மகன் வெளிநாட்டிலிருக்கும் தங்கையிடம் பேசுகிறார், ‘அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்’ என்று முடிவாகிறது. வால்வு விஷயத்தில் பெரியவர் தன் மூச்சைக் கொண்டே ஓரளவு யூகித்துவிடுவார். புடைப்பில் அவருக்கு எதுவுமே தெரியாது. நன்றாக நடமாடும் மனிதரை, ஒருவேளை ஒருநாள் வெடிக்கலாம் என்பதற்காக, அவரிடம் கேட்காமலே அறுவை அறைக்குள் அனுப்புகிறோம். தெரியாத நோய்க்குத்தான் சம்மதம் இன்னும் விளக்கமாகக் கேட்கப்பட வேண்டும்.

இரண்டு நோயும் ஒரே உடலில் சேரும்போது இந்தக் கணக்கு சோதனைக்கு உள்ளாகிறது. அது அரிதல்ல, இரண்டுக்கும் வயதும் புகையும் இரத்த அழுத்தமும் பொதுவான பின்னணி. கதீட்டர் வழியே வால்வு பொருத்தத் தொடைத் தமனியிலிருந்து இதயம்வரை சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். அப்போதுதான் பலருக்கு வயிற்றில் புடைப்பிருப்பதே தெரியவருகிறது. 84 வயது, மூச்சுத்திணறல், கடுமையான வால்வுச் சுருக்கம், கூடவே 5.6 செ.மீ. புடைப்பு என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுருங்கிய வால்வோடு புடைப்பைச் சரிசெய்யப் போனால், மயக்க மருந்தில் இரத்த அழுத்தம் சரியும்போது இதயம் ஈடுகொடுக்காது. வால்வைத் திறந்த பிறகு பெருந்தமனிக்குள் பாயும் இரத்தத்தின் வேகம் கூடி, புடைப்பு வெடிக்கலாம் என்ற அச்சமும் இருக்கிறது; அதனால் சில மையங்கள் இரண்டையும் ஒரே அமர்வில் முடிக்கின்றன. புடைப்பு மிகப் பெரிதாக இருந்தாலோ வலித்தாலோ அது நியாயம். மற்றபடி வால்வு முதலில். பிறகு சில வாரங்களோ மாதங்களோ கழித்து, அவர் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுகிறாரா என்று மறுபடி பார்க்க வேண்டும். தேறவில்லையென்றால் புடைப்பை அப்படியே விட்டுவிடலாம். தேறியிருந்தால், வால்வு பொருத்துவதற்கு முன் வரிசையில் பின்னால் நின்ற புடைப்பு இப்போது முன்னுக்கு வந்திருக்கும். அன்று வேண்டாம் என்று சரியாகவே சொன்ன மருத்துவர் இன்று அதே நோயாளியிடம் குழாய் முறையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டியிருக்கும்.